தனிப் பள்ளியும் பொதுப் பள்ளியும்: டொராண்டோவின் ஆப்பிரிக்க மையப் பள்ளி பற்றிய விவாதம்

ஒரு குறிப்பிட்ட இனத்தின் வரலாற்றையும் பண்பாட்டையும் நடுவில் நிறுத்திப் பாடங்களை அமைக்கும் பள்ளிகளை அரசுப் பணத்தில் நடத்தலாமா என்ற கேள்வி வட அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பேசப்பட்டு வருகிறது. அக்கேள்வியின் எல்லா இழைகளையும் ஒரே இடத்தில் காணத்தக்க நகரம் கனடாவின் டொராண்டோ. அங்கு 2008 ஜனவரி 29 அன்று மாவட்டப் பள்ளி வாரியத்தின் உறுப்பினர்கள், 11 பேர் ஆதரவும் 9 பேர் எதிர்ப்புமாக வாக்களித்து, ‘ஆப்பிரிக்க மைய மாற்றுப் பள்ளி’ ஒன்றைத் தொடங்க ஒப்புதல் அளித்தனர். 2009 செப்டம்பரில் நகரின் வடமேற்கிலுள்ள ஷெப்பர்ட் பொதுப் பள்ளிக் கட்டடத்தில் மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கொண்டதாக அது திறக்கப்பட்டு, பின்னர் எட்டாம் வகுப்பு வரை வளர்ந்தது. சுமார் இரண்டரை லட்சம் மாணவர்களைக் கொண்ட ஒரு வாரியத்தில் எந்தக் காலத்திலும் சில நூறு பிள்ளைகளைத் தாண்டாத இச்சிறு பள்ளியைப் பற்றி மாகாண முதல்வரும் நாளேடுகளும் கறுப்பினச் சமூகத்தின் இரு தரப்பினரும் பேசிய பேச்சு அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாதது. அந்தப் பொருத்தமின்மைக்கான காரணங்கள் பள்ளியின் வாயிலுக்கு உள்ளே இருந்தவற்றைவிட வெளியே இருந்தவையே அதிகம்.

இனமரபுப் பள்ளி என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு அடிப்படைகளைக் கொண்ட நிறுவனங்கள் சேர்த்துப் பேசப்படுவதால் முதலில் அவற்றைப் பிரித்துக் காண வேண்டியுள்ளது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1985இல் ஆக்லாந்தின் மேற்கே ஹோவானி வைட்டிட்டி மராயே என்னும் சமூகக் கூடத்தில் தொடங்கி, 1989ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழியே அரசு அறிந்தேற்பைப் பெற்ற ‘குரா கௌபாபா’ பள்ளிகள் முதல் வகை. அழிவின் விளிம்பில் இருந்த தாய்மொழியை மீட்பதும், மண்ணின் மூத்த குடிகள் என்ற முறையில் ஒப்பந்தத்தால் கிடைத்த உரிமையும் அவற்றுக்கு அடித்தளம். புலம்பெயர்ந்து வந்த சமூகங்கள் தங்கள் மொழியைப் பிள்ளைகளுக்குக் கடத்த நடத்தும் வகுப்புகள் இரண்டாம் வகை. அடிமை முறையால் சொந்த மொழியையும் ஊர்ப்பெயரையும் இழந்த மக்களின் வழித்தோன்றல்கள், பொதுப் பள்ளி தங்கள் பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டது என்ற முறையீட்டின் மேல் எழுப்பும் பள்ளி மூன்றாம் வகை. முதல் இரண்டு வகைகளும் மொழியைச் சுட்டிக்காட்டித் தம்மை எளிதில் நியாயப்படுத்திக்கொள்ளலாம். மூன்றாம் வகைக்கு அந்த வசதி இல்லை. அது தன் இருப்பை விளக்க வேண்டுமானால் பொதுப் பள்ளியின் மீது குற்றம் சாட்டியே ஆக வேண்டும் என்பதால்தான் அதைப் பற்றிய விவாதம் எப்போதும் கசப்பானதாக அமைகிறது.

டொராண்டோவில் அந்தக் கசப்புக்குப் பழைய சட்ட வரலாறு ஒன்றும் துணை நின்றது. இன்றைய ஒண்டாரியோ மாகாணத்தின் முன்வடிவமான மேற்குக் கனடாவில் 1850இல் இயற்றப்பட்ட பொதுப் பள்ளிச் சட்டம், புராட்டஸ்டண்டுகளுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் தனிப் பள்ளிகளை அனுமதித்த அதே பிரிவில் கறுப்பினத்தவருக்கும் தனிப் பள்ளிகளை அனுமதித்தது. பன்னிரண்டு குடும்பத் தலைவர்கள் விண்ணப்பித்தால் தனிப் பள்ளி தொடங்கலாம் என்பது சட்டத்தின் சொல். அதாவது விருப்பம் பெற்றோருடையது. ஆனால், அமெரிக்க அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்கள் மிகுதியாகக் குடியேறிய சாட்டம், வின்சர் முதலிய தென்மேற்கு வட்டாரங்களில் வெள்ளையர் கையிலிருந்த உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்கள் இப்பிரிவைத் திருப்பிப் பயன்படுத்தின. தனிப் பள்ளி ஒன்று இருப்பதையே காரணமாகக் காட்டி, அருகிலிருந்த பொதுப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தன. 1850களின் நீதிமன்றத் தீர்ப்புகளும் அந்த மறுப்புக்கு இடம் கொடுத்தன. மாகாணச் சட்டமன்றத்துக்கு 1963இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின உறுப்பினரான லெனர்ட் பிரைத்வைட் 1964இல் தம் முதல் உரையிலேயே இதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் அப்பிரிவு நீக்கப்பட்டது. எசெக்ஸ் வட்டாரத்தின் கோல்செஸ்டரில் இருந்த கடைசித் தனிப் பள்ளி 1965இல் மூடப்பட்டது. 2008இன் வாக்கெடுப்பு நடந்தபோது அத்தகைய பள்ளிகளில் படித்தவர்கள் உயிரோடு இருந்தனர் என்பதை நினைவில் கொண்டால், ‘மீண்டும் பிரித்துவைப்பா?’ என்று கேட்ட கறுப்பின முதியவர்களின் எதிர்ப்பை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. சட்டத்தில் ‘விருப்பம்’ என்று எழுதப்பட்ட ஒன்று நடைமுறையில் கட்டாயமாக மாறிய வரலாறு அவர்களுடையது.

எல்லைக்குத் தெற்கே, அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இந்த விவாதம் இன்னும் ஆழமாக நடந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் உருவான தேசியச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், பிரிவினைக்கு எதிராக வாழ்நாளெல்லாம் எழுதியவர். எனினும் தனி நிறுவனங்களின் தேவை பற்றிய கருத்து வேறுபாட்டால் 1934இல் அச்சங்கத்தின் இதழிலிருந்து விலகினார். மறு ஆண்டு, கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளிகள் வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாக்கிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வட மாநிலங்களின் கலப்புப் பள்ளிகளில் ஆசிரியரின் வெறுப்புக்கும் சக மாணவரின் ஏளனத்துக்கும் இடையே உட்காரும் குழந்தையைவிட, தன்னை மதிக்கும் ஆசிரியரிடம் தனிப் பள்ளியில் படிக்கும் குழந்தை நல்ல நிலையில் இருக்கிறது என்பது அவர் கணிப்பு. பிரிவினையைக் கொள்கையாக அவர் ஏற்கவில்லை. தனிப் பள்ளி, கலப்புப் பள்ளி என்ற வகைபிரிப்புக்கு முன்னால் கல்வி கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பதே அவர் எடுத்துரைத்தது. இதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1933இல், வரலாற்றறிஞர் கார்ட்டர் ஜி. வுட்சன் தம் நூலொன்றில் கறுப்பின மாணவர் பெறும் கல்வி அவரைத் தம் மக்களையே இழிவாக நோக்கப் பழக்குகிறது என்று வாதிட்டிருந்தார். 1926இல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கியவரும் அவரே. பின்னாளில் ஆப்பிரிக்க மையக் கல்வியாளர்கள் சொன்னவற்றுள் பெரும்பகுதி இவ்விருவரிடமும் முளைத்திருந்தது.

1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரௌன் வழக்கில் ஒருமனதாக வழங்கிய தீர்ப்பு, அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினையை அரசமைப்புக்கு எதிரானதாக்கியது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியலாளர் இணையர் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மை, கறுப்புப் பொம்மை ஆகியவற்றைக் கொடுத்து நடத்திய சோதனைகளும் அதற்குச் சான்றாக அமைந்தன. தீர்ப்பின் நியாயம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது; அதை நிறைவேற்றிய விதத்தை அப்படிச் சொல்ல முடியாது. கறுப்பினப் பள்ளிகளே மூடப்பட்டன, கறுப்பினப் பிள்ளைகளே வெள்ளையர் பள்ளிக்குப் போனார்கள். தெற்கிலும் எல்லையோரத்திலுமாக 17 மாநிலங்களில் 1954க்கும் 1965க்கும் இடையே சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகிகளும் வேலையிழந்தனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒரு தலைமுறை ஆசிரியர்கள் இப்படி நீக்கப்பட்டதைப் பற்றி ஒருங்கிணைப்பின் வரலாறுகளில் நெடுங்காலம் போதிய பேச்சு இல்லை. சட்ட அறிஞர் டெரிக் பெல், தாமே பள்ளிப் பிரிவினை வழக்குகளை நடத்தியவர், 1976இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வழக்கறிஞர்கள் இனக்கலப்பு விகிதத்தைத் துரத்திக்கொண்டிருந்தபோது பெற்றோர் கேட்டது நல்ல பள்ளியை என்று காட்டினார். இதற்கிடையே 1974இன் மில்லிகன் வழக்கில், டெட்ராய்ட் நகரின் பிரிவினையைச் சரிசெய்யப் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்துவிட்டது. வெள்ளையினக் குடும்பங்கள் புறநகருக்குச் சென்றுவிட்ட நகரங்களில் கலப்பதற்கு யாரும் எஞ்சவில்லை. எனவே டெட்ராய்ட் பெற்றோரின் முன்னிருந்தவை, கறுப்பினப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் கவனிப்பாரற்ற பள்ளியும் அவர்களே படிக்கும் அக்கறையுள்ள பள்ளியும் ஆகிய இரண்டுதான். ஒருங்கிணைப்பு என்ற மூன்றாவது வழி புத்தகத்தில் மட்டும் இருந்தது.

கறுப்பினப் பெற்றோர் பள்ளிகளின் ஆட்சியைக் கையில் எடுக்க முயன்ற நிகழ்வுகள் 1960களின் இறுதியில் தொடங்கின. நியூயார்க்கின் ஓஷன் ஹில்–பிரௌன்ஸ்வில் பகுதியில் 1968இல் உள்ளூர்க் குழு ஆசிரியர்களை இடமாற்றியதும், அதை எதிர்த்து ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்ததும், நகரின் பள்ளிகள் வாரக்கணக்கில் முடங்கியதும் அவற்றுள் பெரிதும் அறியப்பட்டவை. 1972இல் சுயேச்சைக் கறுப்பின நிறுவனங்களின் பேரவை அமைந்தது. அதே ஆண்டு சிகாகோவில் கவிஞர் ஹாக்கி மதுபுதி தம் துணைவியாரோடும் தோழர்களோடும் தொடங்கிய சிறு பள்ளியின் மரபு, 1998இல் ஒரு சார்ட்டர் பள்ளியாக வளர்ந்தது. சார்ட்டர் பள்ளி என்பது அரசு நிதியைப் பெற்றுக்கொண்டு, ஓர் ஒப்பந்த ஆவணத்தின்படி தன்னாட்சியோடு இயங்கும் பள்ளி. இவ்வமைப்பு வந்த பிறகு, அதுவரை பெற்றோரின் கட்டணத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த இனமரபுப் பள்ளிகள் பலவற்றுக்கு முதன்முறையாக நிலையான வருவாய் கிடைத்தது.

இப்பள்ளிகளுக்குக் கோட்பாட்டுப் பெயரைத் தந்தவர் மொலேஃபி அசாந்தே. 1980இல் வெளிவந்த அவருடைய நூல் முன்வைத்த கருத்து எளியது: ஆப்பிரிக்க வழியினர் ஐரோப்பியரின் வரலாற்றில் ஓரத்தில் வந்துபோகும் துணைப் பாத்திரங்களாகக் காட்டப்படாமல், தங்கள் வரலாற்றைத் தாமே இயக்கும் மனிதர்களாக எல்லாப் பாடங்களிலும் காணப்பட வேண்டும். வகுப்பறையில் இது பல அளவுகளில் வடிவெடுத்தது. மிதமான வடிவில், மாகாணமோ மாநிலமோ வகுத்த பாடத்திட்டம் அப்படியே இருக்க, கணக்கின் வடிவங்கள் கானாவின் கெந்தே துணியிலிருந்தும், வரலாற்றின் முதல் அலகு மாலிப் பேரரசிலிருந்தும் தொடங்கும். அழுத்தமான வடிவில், மௌலானா கரெங்கா 1966இல் குவான்சா திருவிழாவோடு சேர்த்து வகுத்த, சுவாஹிலி மொழியில் பெயரிடப்பட்ட ஏழு நெறிகள் பள்ளியின் அன்றாட ஒழுங்காகவே அமையும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் வழியினர் கிழக்கு ஆப்பிரிக்காவின் மொழியில் தம் நெறிகளைச் சொல்வதை எள்ளியவர்கள் உண்டு. எந்த ஒரு நாட்டுக்கும் உரியதாகாமல் கண்டம் முழுமைக்கும் பொதுவான ஒன்றைத் தேடியதன் விளைவு அது என்பது ஆதரவாளர்களின் விடை.

கோட்பாடு தடுமாறிய இடம் வரலாற்று உண்மை. ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரப் பள்ளிகளுக்காக 1980களில் தயாரிக்கப்பட்டு வேறு பல நகரங்களுக்கும் பரவிய ‘அடிப்படைக் கட்டுரைகள்’ என்னும் ஆசிரியர் கையேட்டில், பண்டைய எகிப்தியர்கள் மிதவை வானூர்திகளில் பறந்தனர் என்பது போன்ற, சான்றற்ற செய்திகள் அறிவியல் என்ற தலைப்பில் இடம்பெற்றன. 1991இல் ஆர்தர் ஷ்லெசிங்கர், அமெரிக்கா தனித்தனி இனக்குழுக்களாகச் சிதறுகிறது என்று எச்சரித்த நூலிலும், 1996இல் செவ்வியல் அறிஞர் மேரி லெஃப்கோவிட்ஸ், கிரேக்க அறிவு எகிப்திலிருந்து களவாடப்பட்டது என்ற கூற்றை மறுத்து எழுதிய நூலிலும் இத்தகைய பாடங்களே தாக்கப்பட்டன. அவர்களுடைய மறுப்பின் உள்ளடக்கம் பெரும்பாலும் சரியானது. எகிப்தியர் வானில் பறக்காமலேயே ஆப்பிரிக்காவின் வரலாறு பெருமைக்குரியது என்பதும், பொய்யான பெருமை கேள்வி கேட்கத் தெரிந்த மாணவனிடம் முதலில் உடையும் என்பதும் தெளிவு. ஆனால், அவர்கள் தாக்கிய பகுதி ஆப்பிரிக்க மையக் கல்வியின் முழுமை ஆகாது. ஐரோப்பிய மையப் பாடநூல்களும் பல தலைமுறைகளாக ஆப்பிரிக்காவை வரலாறே இல்லாத கண்டமாகக் காட்டிவந்தன. அவற்றின் பிழைக்காகப் பள்ளிகளை மூடச் சொன்னவர் யாருமில்லை. பாடநூலின் பிழைக்கு மருந்து பாடநூலைத் திருத்துவது என்பது இரு தரப்புக்கும் ஒன்றுபோலப் பொருந்த வேண்டும்.

1991இல் டெட்ராய்ட் கல்வி வாரியம் மால்கம் எக்ஸ், மார்கஸ் கார்வி, பால் ரோப்சன் ஆகியோரின் பெயர்களில் ஆப்பிரிக்க மையப் பள்ளிகளைக் கறுப்பின ஆண் பிள்ளைகளை மனத்தில் கொண்டு தொடங்க முனைந்தபோது, வழக்கு வேறொரு திசையிலிருந்து வந்தது. மகள்களை உடைய தாய்மார் நீதிமன்றத்தை நாடினர். பெண்களை விலக்குவதற்கு ஏற்ற காரணம் காட்டப்படவில்லை என்று கூட்டாட்சி நீதிமன்றம் கூறியதால், வாரியம் பெண் பிள்ளைகளுக்கும் இடமளித்துப் பள்ளிகளைத் திறந்தது. அதே ஆண்டு மில்வாக்கியிலும் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்று இவ்வகையில் மாற்றப்பட்டது. ஆண் பிள்ளைகளின் நெருக்கடியை மட்டும் முன்னிறுத்திப் பெண் பிள்ளைகளின் இடைநிற்றலைப் பின்னுக்குத் தள்ளும் வழக்கம் இவ்வியக்கத்துக்குள்ளேயே இருந்ததை இவ்வழக்கு வெளிக்கொணர்ந்தது.

டொராண்டோவின் பாதை இந்தப் பின்னணியைக் கடன்வாங்கினாலும் அதன் உடனடிக் காரணங்கள் உள்ளூர்க் காரணங்கள். 1992 மே மாதம் நகரின் யங் தெருவில் மூண்ட கலவரத்துக்குப் பிறகு மாகாண அரசுக்காக ஸ்டீபன் லூயிஸ் அளித்த அறிக்கை, சிக்கலின் வேர் கறுப்பினத்தவர் மீதான இனவெறுப்பு என்று ஒளிவின்றிச் சொன்னது. 1995இல் வெளியான கல்விக்கான அரச ஆணையத்தின் அறிக்கை, கறுப்பின மாணவர்கள் மிகுந்த இடங்களில் மாதிரிப் பள்ளிகளை நடத்திப் பார்க்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் ஆய்வாளர் ஜார்ஜ் டேயும் அவர் குழுவினரும், பள்ளியிலிருந்து நின்றுவிட்ட கறுப்பின இளைஞர்களிடம் பேசி, அவர்கள் தாமாக நின்றார்கள் என்பதைவிடப் பள்ளியே அவர்களை வெளியே தள்ளியது என்று முடிவு செய்தனர். பரிந்துரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 2000இல் வந்த பாதுகாப்பான பள்ளிகள் சட்டம் சிறு மீறலுக்கும் கடும் தண்டனை என்ற முறையைப் புகுத்த, அதனால் இடைநீக்கம் செய்யப்படுவோரில் கறுப்பினப் பிள்ளைகளின் பங்கு மிகுதி என்ற முறையீடு வலுத்தது. கறுப்பின மாணவரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பள்ளிப் படிப்பை முடிப்பதில்லை என்ற கணிப்பு எங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. 2007இல் டோனா ஹாரோ, ஏஞ்சலா வில்சன் என்னும் இரு பெண்கள் முறைப்படி கோரிக்கையை முன்வைத்தபோது, டொராண்டோ வாரியத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு கதவைத்தான் தட்டினார்கள்: பெற்றோர் முன்மொழியும் ‘மாற்றுப் பள்ளிகளை’ வாரியம் 1960களின் இறுதியிலிருந்தே அனுமதித்து வந்தது, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றும் அவற்றுக்கு நடுவே அமைதியாக நடந்துகொண்டிருந்தது.

அக்கோரிக்கை எழுந்த வேளை அதற்கு வாய்ப்பாக அமையவில்லை. 2007 அக்டோபரில் நடந்த மாகாணத் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் ஜான் டோரி, எல்லாச் சமயப் பள்ளிகளுக்கும் அரசு நிதி தருவேன் என்று வாக்களித்து, அதனாலேயே தோற்றிருந்தார். பொதுப் பள்ளியைக் காப்பவராக வென்ற முதல்வர் டால்டன் மெகின்டி மூன்று மாதங்களில் இன மரபுப் பள்ளியை எதிர்த்தது எதிர்பார்க்கத்தக்கதே. வாரியத்தின் முடிவைத் தடுக்கவில்லை என்றாலும் ஏமாற்றம் தெரிவித்தார். கூடுதல் நிதிக்கும் இடமில்லை என்றார். இங்கு ஒரு முரண் பலராலும் சுட்டப்பட்டது. ஒண்டாரியோ மாகாணம் 1867ஆம் ஆண்டு அரசமைப்பு உடன்பாட்டின் பேரில் கத்தோலிக்கப் பள்ளிகளை முழுமையாகத் தன் செலவில் நடத்துகிறது. வேறு சமயத்தவருக்கு அவ்வுரிமை மறுக்கப்படுவது பாகுபாடு என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 1999இல் கூறியும் அந்நிலை மாறவில்லை. பிள்ளைகள் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்ற கொள்கையைச் சில நூறு கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதிராக மட்டும் உயர்த்திப் பிடிப்பது எளிதாக இருந்தது.

எதிர்ப்பாளர்களின் வாதங்களில் ‘இது பிரிவினை’ என்பதே உரத்து ஒலித்தது. ஒண்டாரியோவின் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தையும் புதிய பள்ளியையும் அருகருகே வைத்தால் இவ்வாதத்தின் வலுவும் எல்லையும் புலப்படும். புதிய பள்ளி எந்த இனப் பிள்ளைக்கும் திறந்திருந்தது, வேறு எந்தப் பள்ளியும் கறுப்பினப் பிள்ளையை அங்கே போகச் சொல்லி விலக்க முடியாது, பாடத்திட்டம் மாகாணத்துடையது. பிரிவினை என்பது வெளியேற்றும் அதிகாரம் பிறர் கையில் இருப்பது. இங்கே உள்ளே போகவும் வெளியே வரவும் சாவி பெற்றோரிடம் இருந்தது. ஆயினும், அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியர் ஒருவர் ‘உங்கள் பிள்ளைக்கு அந்தப் பள்ளி பொருந்தும்’ என்று மெல்லச் சொல்லத் தொடங்கினால் அச்சாவி கைமாறிவிடும் என்ற அச்சத்துக்கு விதிகளில் விடையில்லை. அது நடைமுறையைக் கண்காணிப்பதில்தான் இருக்கிறது. மறுபுறம், பிரெஞ்சு வழி வகுப்புகளும் சிறப்புக் கலைப் பள்ளிகளும் டொராண்டோவின் வசதி படைத்த குடும்பங்களின் பிள்ளைகளை நெடுங்காலமாகவே தனியே சேர்த்துவந்துள்ளன. அவற்றைப் பிரிவினை என்று யாரும் அழைப்பதில்லை.

இதைவிட நுட்பமான எதிர்ப்பு, ஒரு மனிதரின் பல அடையாளங்களுள் ஒன்றை மட்டும் பள்ளி தேர்ந்தெடுத்துப் பெரிதாக்குவது தகுமா என்பது. அமர்த்தியா சென் 2006இல் வெளிவந்த நூலில் பிரிட்டனின் சமயப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது, ஒன்றையொன்று தொடாமல் அருகருகே வாழும் பண்பாடுகளைப் பன்மைப் பண்பாடு என்று சொல்ல முடியாது என்று வாதிட்டார். டொராண்டோவில் இந்த வினா வெறும் தத்துவம் இல்லை. ஜமைக்கா வழியினரும், சோமாலியாவிலிருந்து அகதிகளாக வந்த முஸ்லிம் குடும்பங்களும், கானாவிலிருந்து அண்மையில் குடியேறியவர்களும், ஆறு தலைமுறைகளாகக் கனடாவில் வாழ்பவர்களும் ‘ஆப்பிரிக்க’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டனர். யாருடைய ஆப்பிரிக்காவைக் கற்பிப்பது என்ற கேள்வியைப் பள்ளி தன் தோற்றத்திலேயே சுமந்து வந்தது. இதற்கு வில் கிம்லிக்கா 1998இல் எழுதிய நூலில் காணப்படும் விடை வேறு கோணத்திலானது: கறுப்பின மையப் பள்ளியை நிலையான தனி வாழ்வுக்கான கோரிக்கையாகக் கொள்ளாமல், பொதுச் சமூகத்துக்குள் நுழையத் தடையாக உள்ளவற்றைக் கடக்க உதவும் இடைக்கால ஏற்பாடாகக் கொள்ளலாம் என்பது. இவ்விடை அறிவுக்கு இசைந்தது. ஆனால் பள்ளியின் நிறுவனர்களுள் எத்தனை பேர் அதைத் தற்காலிகம் என்று கருதியிருப்பார்கள் என்பது ஐயத்துக்குரியது.

பயன் பற்றிய சான்றுகளே இவ்விவாதத்தின் மெலிந்த பகுதி. 2010இல் வெளிவந்த முதல் மாகாணத் தேர்வு முடிவுகளில் பள்ளியின் மாணவர்கள் மாகாணச் சராசரியைவிட மேலே நின்றனர், ஆதரவாளர்கள் மகிழ்ந்தனர். ஆனால் தேர்வு எழுதியவர்கள் ஒரு வகுப்பறையில் அடங்கும் எண்ணிக்கையினர். அதைவிட முக்கியம், ஆய்வாளர்கள் தேர்வுச் சார்பு என்று குறிப்பிடும் சிக்கல்: தொலைவிலிருந்து பேருந்தில் பிள்ளையை அழைத்துவரவும், எதிர்ப்புக்கு நடுவே புதிய பள்ளியை நம்பவும் துணிந்த பெற்றோரின் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் ஓரளவு நன்றாகப் படித்திருக்கக்கூடியவர்கள். விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் சேர்த்து, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டால்தான் பள்ளியின் தனிப் பயனைப் பிரித்தறிய முடியும். இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால்தான் குலுக்கல் நடக்கும். இச்சிறு பள்ளியிடமிருந்து அத்தகைய சான்றைக் கேட்பது அதனால் தர முடியாததைக் கேட்பதாகும். இரு தரப்பும் அதன் மதிப்பெண்களை ஆண்டுதோறும் எடுத்துப் பேசியதில் பயன் ஏதும் விளையவில்லை.

பள்ளியின் கூறுகளைத் தனித்தனியே ஆராய்ந்த அமெரிக்க ஆய்வுகள் இன்னும் உறுதியானவற்றைச் சொல்கின்றன. டென்னசி மாநிலத்தில் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் பின்னாளில் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. சான்பிரான்சிஸ்கோவில் மதிப்பெண் குறைந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இன மரபு ஆய்வுப் பாடம் ஒன்றில் சேர்த்ததன் விளைவை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவர்களின் வருகைப் பதிவு 21 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்ததாகக் காட்டியது. அதன் முறையியல் குறித்துப் பின்னர்ச் சர்ச்சையும் எழுந்தது. இவை இரண்டும் நடந்தவை பொதுப் பள்ளிகளில். ஆசிரியரும் பாடமும் மாறினால் பயன் உண்டு என்று காட்டுவதால் இவை ஆப்பிரிக்க மையக் கல்வியாளர்களின் நோயறிதலுக்கு வலுச்சேர்க்கின்றன; தனிக் கட்டடம் இல்லாமலேயே அது இயலும் என்று காட்டுவதால் அவர்களின் மருந்தை ஐயத்துக்குள்ளாக்குகின்றன.

கட்டடத்தைப் பிரிக்காமல் மரபைக் கற்பிக்கும் வழிகள் வேறிடங்களிலும் முயலப்பட்டுள்ளன. 1971இல் பெர்னார்ட் கோர்ட், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் பிரிட்டனில் அறிவு குன்றியோருக்கான பள்ளிகளுக்கு அளவுக்கு மீறி அனுப்பப்படுவதை அம்பலப்படுத்திய சிறு நூலுக்குப் பிறகு, லண்டனில் கறுப்பினப் பெற்றோர் நடத்திய சனிக்கிழமைத் துணைப் பள்ளிகள் பெருகின. டொராண்டோவிலேயே மாகாணத்தின் 1977ஆம் ஆண்டு மரபு மொழித் திட்டத்தின் கீழ் பள்ளி நேரத்துக்குப் புறம்பே பல மொழிகள் கற்பிக்கப்பட்டன. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களின் பிள்ளைகள் தமிழ் பயின்றதில் அத்திட்டத்துக்கும் பங்குண்டு. தமிழ் வகுப்பை யாரும் பிரிவினை என்று சொல்லாததற்குக் காரணம் அது நாளின் விளிம்பில், மாலையிலோ சனிக்கிழமையிலோ, நடந்ததுதான். ஆப்பிரிக்க மையப் பள்ளி திங்கள் காலை ஒன்பது மணியின் கணக்கு வகுப்பையே கேட்டது. விளிம்பு போதும் என்ற ஏற்பாடு, பகல் வகுப்பில் தன் பிள்ளை ஓரளவு நியாயமாக நடத்தப்படுகிறது என்று நம்பும் சமூகத்துக்கே பொருந்தும்.

அந்த நம்பிக்கைக்கு டொராண்டோவின் கறுப்பினப் பெற்றோரிடம் ஆதாரம் குறைவு என்பதை 2017இல் யார்க் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஜேம்ஸ் தலைமையில் வெளியான அறிக்கை எண்களில் காட்டியது. ஒண்டாரியோவில் ஒன்பதாம் வகுப்பில் மாணவரைப் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் பாடப்பிரிவு, தொழில்சார் பிரிவு என்று பிரிக்கும் வழக்கம் இருந்தது. முதற் பிரிவில் வெள்ளையின மாணவரில் 81 விழுக்காட்டினர் இருக்க, கறுப்பின மாணவரில் 53 விழுக்காட்டினரே இருந்தனர். மேல்நிலைப் படிப்பை முடிப்பதற்குள் ஒருமுறையேனும் இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் கறுப்பினத்தவரில் 42 விழுக்காடு, வெள்ளையினத்தவரில் 18 விழுக்காடு. ஒரே கட்டடத்துக்குள், ஒரே கூரையின்கீழ், வேறு வேறு அறைகளுக்கு அனுப்பும் இந்தப் பிரிப்பு பல்லாயிரம் பிள்ளைகளைத் தொட்டது. பொதுப் பள்ளி ஒருங்கிணைந்தது என்ற முற்கோளை வைத்துக்கொண்டுதான் 2008இல் தனிப் பள்ளி விசாரிக்கப்பட்டது. விசாரிக்கப்பட வேண்டிய முற்கோளே அதுதான்.

சிறு பள்ளியின் பிற்கால வரலாறு மந்தமானது. அதை மேல்நிலைக்கு நீட்டிக்க 2011இல் ஓக்வுட் பள்ளி இடமாகப் பேசப்பட்டபோது அங்கிருந்த மாணவர்களும் பெற்றோரும் எதிர்த்தனர். 2013இல் ஸ்கார்பரோவின் வின்ஸ்டன் சர்ச்சில் பள்ளியில் ஒரு சிறு ஆப்பிரிக்க மையப் பிரிவு தொடங்கப்பட்டது. தொடக்கப் பள்ளியின் சேர்க்கையும் நாளடைவில் சரிந்தது. நகரின் வடமேற்கு மூலையில் எட்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைக்குக் கிழக்கு முனையிலுள்ள அப்பிரிவு எட்டாத தொலைவு. அவர்களுள் பெரும்பாலோர் வழக்கமான உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்கே, அதாவது பாடப்பிரிவு பிரிக்கப்படும் அதே படிக்கே, சென்று சேர வேண்டியிருந்தது. கறுப்பின மாணவரைத் தொழில்சார் பிரிவுக்குத் தள்ளுகிறது என்று ஒப்புக்கொண்டு அந்தப் பிரிப்பைக் கைவிடுவதாக மாகாண அரசு 2020இல் அறிவித்தது. 2021இல் கணக்கிலும் 2022இல் பிற பாடங்களிலும் ஒன்பதாம் வகுப்பு ஒரே பிரிவானது.